பதின்மூன்றைத் தொலைத்த படங்கள்: மேக், விண்டோஸ், லினக்ஸ் நடுவே ஒரு படத்தொகுப்பு பட்ட பாடு

"அண்ணா, மேக்குலேர்ந்து வந்த படம் எதுவுமே திறக்க மாட்டேங்குது."

பக்க வடிவமைப்பாளர் போனில் சொன்ன முதல் வாக்கியம் இது. பத்து நாள் கழித்து எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் மூன்று பிசகு இருந்தது. திறக்காதவை சில படங்கள்தான், எல்லாம் இல்லை. மேக்கிலிருந்து வந்ததற்கும் திறக்காததற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அவர் 'திறக்கல' என்று சேர்த்துக் கணக்கிட்டவற்றில் பாதி, திறந்து தப்பாகத் தெரிந்தவை. அவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று அவர் திரையில் தெரிந்ததை வைத்து யார் பேசியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே நம்பி வேலையில் இறங்கியதால் எங்களுக்கு இரண்டு நாள் வீணானது. அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

நிலைமை

வேலை ஒரு சிறுவர் படச் சொற்களஞ்சியம். ஒரு சொல்லுக்கு ஒரு படம், மொத்தம் 640 படங்கள். ஓவியர்கள் இருவர், இருவரும் மேக்கில் வரைபவர்கள். பக்கம் கட்டுவது விண்டோஸில். எல்லாப் படமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒரு லினக்ஸ் சர்வர். அங்கே நாங்களே எழுதிய ஒரு சின்ன நிரல், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறிய முன்னோட்டப் படத்தைத் தயாரித்து, சொற்பட்டியலோடு இணைக்கும். படங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்வது என் பொறுப்பு.

படங்கள் சர்வருக்கு இரண்டு வழியில் போயின. சிலவற்றை ஓவியர்களே பிரவுசர் வழியாக ஏற்றினார்கள். மற்றவை வெளி டிஸ்க்கிலோ ஜிப்பாகவோ வடிவமைப்பாளரிடம் வந்து, அவருடைய விண்டோஸ் கணினியில் இரவு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் மூலம் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஏறின. இரண்டு வழி இருப்பதை நாங்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடை அங்கேதான் இருந்தது.

நான் போய் உட்கார்ந்தபோது, சரிசெய்யும் நல்லெண்ணத்தில் வடிவமைப்பாளர் பன்னிரண்டு கோப்புகளை ஏதேதோ நிரல்களில் திறந்து, மறுபடி சேமித்து வைத்திருந்தார். படம் பாதி தெரிந்தால் போதும் என்று சில நிரல்கள் திறந்துவிடும். அதைச் சேமித்தால் புதிதாக, ஒழுங்கான ஒரு கோப்பு பிறக்கும். உள்ளே இருப்பது பாதிப் படம்தான். கோளாறு எங்கே நேர்ந்தது என்பதற்கான தடயம் அந்தச் சேமிப்போடு அழிந்துவிடும். இந்த வேலையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இது ஒன்றுதான்: கெட்டுப்போன கோப்பை மறுபடி சேமிக்காதீர்கள். வந்தது வந்தபடி ஒரு பிரதி எடுத்து, யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். நாங்களும் அன்று மாலையே அனைத்தையும் தனிக் கோப்புறைக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண் (உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு எழுதி வைத்தோம். அப்புறம்தான் ஆராய்ச்சி.

படம் சரியில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கேட்ட பெயரில் கோப்பு கிடைக்கிறதா? கிடைத்ததன் பைட்டுகள், அதாவது கோப்பு எந்த எண்களின் வரிசையாக (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) எழுதப்பட்டதோ அவை, மாறாமல் வந்திருக்கின்றனவா? அந்த வகைக் கோப்பைப் படிக்க இந்த நிரலுக்குத் தெரியுமா? படித்த எண்களுக்குச் சரியான பொருள் கொடுக்கிறதா? இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். நாங்கள் முதல் இரண்டு நாள் நான்காவதிலிருந்து ஆரம்பித்து, நிற அமைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

பேரைச் சொன்னால் கிடைக்கவில்லை

முன்னோட்ட நிரல் நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடான லாகைத் திறந்தால் பிழைச் செய்திகள் மலைபோல் இருந்தன. அவற்றில் சரிபாதி ஒரே ரகம்: பெயர் ஒரு புள்ளியிலும் ஓர் அடிக்கோட்டிலும் தொடங்கும் கோப்புகள், பெரும்பாலானவை துல்லியமாக 4096 பைட். உள்ளே பார்த்தால் முதல் நான்கு பைட்டுகள் 0, 5, 22, 7. இவை படங்களே இல்லை. மேக் தன்னுடைய கூடுதல் விவரங்களை எழுதி வைக்க இடம் தராத டிஸ்க்கில் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது, அந்த விவரங்களை இப்படித் தனிக் கோப்பாகப் பக்கத்தில் போட்டுவிடும். மேக்கில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிழல் இருக்கும். எங்கள் ஓவியங்களைப் பொறுத்தவரை இவற்றை நீக்குவதால் எந்த நட்டமும் இல்லை. நிரல் இவற்றைத் தொடாமல் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்தோம். புகார்களில் பாதி அதோடு அடங்கியது.

அடுத்த ரகம் 'கோப்பு இல்லை'. கோப்பு அங்கேதான் இருந்தது. கண்ணால் பார்க்க முடிந்தது. சொற்பட்டியலில் 'கொக்கு' என்று இருக்கிறது, கோப்புறையிலும் 'கொக்கு' இருக்கிறது, நிரல் மட்டும் இல்லை என்கிறது. சிலவற்றில் காரணம் அற்பமானது. பிஎன்ஜி (ஒரு படக் கோப்பு வகை) என்ற பின்னொட்டு பட்டியலில் சின்ன எழுத்தாகவும் கோப்பில் பெரிய எழுத்தாகவும் இருந்தது. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக அதைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். ஆனால் அதைச் சரிசெய்த பிறகும் நாற்பதுக்கு மேல் மிச்சம்.

மிச்சப் பட்டியலை அச்சிட்டு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கு, தோகை, மோதிரம், சோளம், கொம்பு, கோபுரம், பொம்மை. கிடைத்துவிட்ட பெயர்கள்: மயில், கிளி, குருவி, யானை, பூசணி. இரண்டையும் வாய்விட்டுப் படித்தபோதுதான் உறைத்தது. கிடைக்காத பெயர்களில் கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் ஓர் ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எழுத்தெண்ணாக, 3018 என்று வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக உடைத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் என்பதால், சேர்த்து எழுதிய 'கொக்கு' 18 பைட், உடைத்து எழுதியது 21 பைட். மேக் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை எப்போதும் உடைத்த வடிவத்தில்தான் சேமிக்கும். 2017இல் வந்த புதிய முறையான ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். எங்கள் ஓவியர் ஒருவரின் வெளி டிஸ்க் பழைய முறையில் அமைந்தது. அங்கிருந்து ஜிப்பான பெயர்கள் உடைந்த வடிவிலேயே விண்டோஸுக்கு வந்தன. விண்டோஸும் அவற்றை மாற்றவில்லை, லினக்ஸும் மாற்றவில்லை. சொற்பட்டியலோ விண்டோஸில் தட்டெழுதப்பட்டது, அதில் எல்லாம் சேர்ந்த வடிவம்.

இதை உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கோப்புறையில் 'கொக்கு' என்று இன்னொரு கோப்பைத் தட்டெழுதி உருவாக்கிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு அருகருகே நின்றால் விஷயம் இதுதான். வடிவமைப்பாளரை அழைத்து அந்த இரண்டு கொக்குகளையும் காட்டினேன். அவர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸில் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர: கௌதாரி. அதை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பட்டியலில் ஔகாரக் குறி ஒழுங்காக, 3020 என்று இருந்தது. கோப்பின் பெயரில் இருந்தது ஒற்றைக் கொம்பும், அதற்குப் பின் ள என்ற எழுத்தும், அதாவது 2995. ஓவியர் 'கெளதாரி' என்று தட்டியிருக்கிறார். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதை எந்தக் கருவியும் தானாகத் திருத்தாது, ஏனென்றால் அது முறைப்படி வேறு சொல். தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். அந்த அறிவுரையைப் பலர் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் படங்களுக்குத் தமிழில் பெயர் இருப்பதுதான் முறை. உள்ளே வரும் வாசலில் பெயரை ஒரு முறை சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பதின்மூன்றும் பத்தும்

பெயர் பிரச்சினை தீர்ந்ததும் உண்மையாகவே திறக்காத, அல்லது திறந்தும் பாதியில் பிசகிய படங்கள் தனியே தெரிய ஆரம்பித்தன. மொத்தம் 61. அவற்றில் சில சட்டென்று பிடிபட்டன. பின்னொட்டு ஜேபெக் என்று சொன்ன மூன்று கோப்புகள் நிஜத்தில் கைபேசியில் எடுத்த எச்இஐசி படங்கள், யாரோ பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பின்னொட்டை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஜேபெக் என்றால் 255, 216 என்று தொடங்க வேண்டும்.

இன்னொரு இருபது, டிஃப் என்ற வகைப் படக் கோப்புகள். லாகில் '10752 என்ற எண் தெரியாது' என்று ஒரு செய்தி. டிஃப் கோப்பின் தொடக்கத்தில் எண்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் இரண்டு எழுத்துகள் இருக்கும். 73, 73 என்றால் சிறிய பைட் முதலில், இன்டெல் வழக்கம். 77, 77 என்றால் பெரிய பைட் முதலில், பழைய மேக்குகளில் இருந்த மோட்டரோலா சில்லுகளின் வழக்கம். அதன் பின் அடையாள எண்ணாக 42. ஓவியரின் நிரல் மேக் வரிசையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தது. நாங்கள் எழுதிய நிரல் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்காமலே 0, 42 என்பதைத் தலைகீழாகப் படித்து, 42-ஐ 256-ஆல் பெருக்கி 10752 என்று புரிந்துகொண்டது. கோப்புகளில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வரிசையையும் படிக்க வேண்டும் என்பது டிஃப் படிக்கும் எந்த நிரலுக்கும் அடிப்படைக் கடமை. சொந்தமாக எழுதிய பகுதியைத் தூக்கிவிட்டுப் பொதுவான நூலகம் ஒன்றைப் பயன்படுத்தினோம்.

மிஞ்சியவை 38. பிஎன்ஜியும் ஜேபெக்கும் கலந்து இருந்தன. பிஎன்ஜி ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஜேபெக்குகள் திறந்தன, ஆனால் மேலே கொஞ்சம் சரியாக வந்து, பிறகு நிறம் பிசகி, கீழே சாம்பல் பட்டையாக முடிந்தன. இரண்டும் வேறு வேறு நோய் என்றே நினைத்தோம்.

ஒரு பிஎன்ஜியை, பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். பிஎன்ஜி கோப்பு எதுவானாலும் முதல் எட்டு பைட்டுகள் இவையாகத்தான் இருக்க வேண்டும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இந்தக் கோப்பில் இருந்தது 137, 80, 78, 71, 10, 26, 10. ஏழு. நடுவிலிருந்த 13-ஐக் காணோம்.

1996இல் இந்த வடிவத்தை வகுத்தவர்கள் அந்த எட்டு எண்களை எவ்வளவு அக்கறையோடு தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. 80, 78, 71 என்பது வடிவத்தின் பெயர். முன்னால் இருக்கும் 137 ஏழு பிட்டில் (ஒரு பைட் என்பது எட்டு பிட், அதாவது எட்டு இரும இலக்கங்கள்) அடங்காத எண், எட்டாவது பிட்டை வெட்டிவிடும் வழியில் கோப்பு போனால் அது 9 ஆகிவிடும். 13, 10 என்பது விண்டோஸ் உரைக் கோப்புகளில் வரி முடிவைக் குறிக்கும் ஜோடி. கடைசியில் தனியாக நிற்கும் 10 லினக்ஸின் வரி முடிவு. கோப்பை உரை என்று தவறாக எண்ணி யாராவது வரி முடிவுகளை மாற்றினால், எந்தத் திசையில் மாற்றினாலும், இந்த இரண்டில் ஒன்று கெட்டுவிடும். 26 விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் கோப்பைத் திரையில் கொட்டும்போது அங்கேயே நிறுத்துவதற்கு. ஆக முதல் எட்டு பைட்டைப் பார்த்தாலே கோப்பு எந்த வழியில் அடிபட்டது என்று தெரியும். எங்கள் கோப்பு தெளிவாகவே சொன்னது: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும் வழியில் என்னை உரை என்று நினைத்து, 13, 10 ஜோடிகளையெல்லாம் 10 ஆக்கிவிட்டார்கள்.

எஃப்டிபி நெறிமுறையின் 1985ஆம் ஆண்டு வரையறையில், எதுவும் சொல்லாவிட்டால் பரிமாற்றம் உரை முறையில்தான். இன்றைய எஃப்டிபி நிரல்கள் பெரும்பாலும் தாமாகவே, எதையும் மாற்றாமல் அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றிக்கொள்ளும். எங்கள் இரவு ஸ்கிரிப்ட் மாற்றவில்லை. முதலில் அது சொற்பட்டியல் உரைகளை ஏற்றுவதற்காக எழுதப்பட்டது. அப்போது உரை முறை சரியானதாகவே இருந்தது. பின்னால் யாரோ படக் கோப்புறையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பிரவுசர் வழியாக ஏறிய படம் ஒன்றுகூடக் கெடவில்லை. மேக்குக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

எண்ணிப் பார்த்தும் உறுதி செய்தோம். சுருக்கப்பட்ட படத்தில் பைட்டுகள் கிட்டத்தட்ட தாறுமாறாகப் பரவியிருக்கும். 13-ஐ அடுத்து 10 வருவது சராசரியாக 65,536 பைட்டுக்கு ஒரு முறை. 3 எம்பி கோப்பில் ஏறக்குறைய 48 ஜோடிகள் இருந்தாக வேண்டும். கெட்ட கோப்பில் ஒரு ஜோடிகூட இல்லை. ஜேபெக்குகளிலும் அதே கதை. அங்கே பைட் தவறிய இடத்திலிருந்து படம் பிசகத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிஎன்ஜியோ வாசலிலேயே திறக்க மறுத்துவிட்டது. அந்தக் கண்டிப்பை நான் பாராட்டுகிறேன்.

எதிர்த்திசையில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு, இதே தவறு நடந்திருந்தால் கோப்பு பெரிதாகியிருக்கும். ஒவ்வொரு 10-க்கு முன்னும் ஒரு 13 சேரும், 256-க்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் 0.4 சதவீதம். அதைச் சரிசெய்வது எளிது, 13, 10 ஜோடிகளையெல்லாம் 10 ஆக்கினால் மூலக்கோப்பு அப்படியே திரும்பிவிடும். எங்களுடையது கஷ்டமான திசை. பைட் தொலைந்திருக்கிறது. எந்தப் பத்துக்கு முன்னால் பதின்மூன்று இருந்தது என்று கோப்பு சொல்லாது.

38-இல் 35 படங்களின் மூலப் பிரதி ஓவியர்களிடமோ வடிவமைப்பாளரிடமோ இருந்தது. ஷா எண் சரிபார்த்து மறுபடி ஏற்றினோம். மூன்றுக்கு மூலம் இல்லை. வடிவமைப்பாளர் தன் பிரதியை ஏற்கெனவே நீக்கியிருந்தார், ஓவியரோ சர்வரிலிருந்து இறக்கிய கெட்ட பிரதியை நல்லதன்மேல் பதித்துவிட்டார். மூன்றும் பிஎன்ஜி. அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

நிறம்

இப்போதுதான் நான்காவது கேள்விக்கு வரும் உரிமை எங்களுக்குக் கிடைத்தது. முன்னோட்டங்களில் சிவப்பு மங்கியிருந்தது. சில படங்கள் பக்கவாட்டில் படுத்திருந்தன. ஒன்பது அட்டைப் படங்கள் ஃபிலிம் நெகட்டிவ்போலத் தெரிந்தன.

மேக்கில் எப்போதுமே வெளிச்சமாகத்தான் தெரியும், அதுதான் வித்தியாசம் என்று வடிவமைப்பாளர் சொன்னார். அது ஒரு காலத்தில் உண்மை. ஓர் எண் திரையில் எவ்வளவு ஒளியாகும் என்று தீர்மானிக்கும் காமா அளவு மேக்கில் 1.8 ஆகவும் விண்டோஸில் 2.2 ஆகவும் இருந்தது. 128 என்ற நடுச் சாம்பல் நிறம் முன்னதில் 29 சதவீத ஒளியாகவும் பின்னதில் 22 சதவீதமாகவும் தெரியும். 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்போடு மேக்கும் 2.2-க்கு மாறிவிட்டது. இன்றைய கோளாறுக்கு அந்தப் பழைய காரணம் பொருந்தாது.

சிவப்புக்கும் படுத்த படங்களுக்கும் ஒரே காரணம். முன்னோட்டத்தின் அளவைக் குறைக்க, எங்கள் நிரல் படத்தோடு ஒட்டியிருந்த எல்லாக் கூடுதல் விவரங்களையும் உரித்து எறிந்துகொண்டிருந்தது. அதில் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் நிறப் புரொஃபைலும் போயிற்று, படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் போயிற்று. ஓவியர் டிஸ்பிளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் வரைந்திருந்தார். நமக்குப் பழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் முழுச் சிவப்பு, சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில், 255, 0, 0. அதே சிவப்பு பி3-இல் எழுதப்படும்போது ஏறக்குறைய 234, 51, 35. புரொஃபைல் கூடவே இருக்கும்வரை இரண்டும் ஒரே சிவப்பு. புரொஃபைலை உரித்துவிட்டால், பார்க்கும் நிரல் 234, 51, 35 என்பதை எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே எடுத்துக்கொண்டு செங்கல் நிறத்தைக் காட்டும். மூன்று கிலோபைட்கூட இல்லாத ஒரு விவரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ச் சிவப்பையே இழந்தோம். முதலில் திருப்பி, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அப்புறம் உரிக்கும்படி வரிசையை மாற்றினோம். தீர்ந்தது.

நெகட்டிவ் அட்டைகள், அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே என்ற நான்கு நிற முறையில் எழுதிய ஜேபெக்குகள். அடோபி நிரல்கள் இந்த வகையில் மை அளவுகளைத் தலைகீழாக எழுதி, அதற்கென ஓர் அடையாளத்தையும் கோப்பில் வைக்கும். அந்த அடையாளத்தைக் கவனிக்காத நிரல் வெள்ளையைக் கறுப்பாக்கும். திரையில் காட்டுவதற்கு ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீலம்) பிரதி தனியாகவும் அச்சுக்கு சிஎம்ஒய்கே தனியாகவும் வாங்கிக்கொண்டோம்.

எழுத்துரு பற்றி ஒரு சொல். கோடுகளாகவும் எழுத்துகளாகவும் சேமிக்கப்படும் எஸ்விஜி படங்கள் சிலவற்றில் பெயர்ப்பலகை எழுத்துகள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தன. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் எழுதியவை, அந்த எழுத்துரு சர்வரில் இல்லை. யூனிகோடில் எழுதி, அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றச் சொன்னோம்.

மூன்று படங்கள்

மூலமில்லாத மூன்றையும் ஓவியர் மறுபடி வரைந்து தருவதாகச் சொன்னார். ஒவ்வொன்றும் அவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. ஒரு முயற்சி செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிஎன்ஜி தன் தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி வைக்கும். ஒவ்வொரு துண்டின் முன்னாலும் அதன் நீளம் நான்கு பைட்டில், பிறகு வகைப் பெயர் நான்கு பைட்டில், பிறகு தரவு, முடிவில் சிஆர்சி என்ற நான்கு பைட் சரிபார்ப்பு எண். இந்த மூன்று படங்களிலும் துண்டின் நீளம் 8192. அடுத்த துண்டின் வகைப் பெயரைத் தேடிப் பிடித்து, நடுவே இருக்கும் தூரத்தை அளந்தால், இந்தத் துண்டில் எத்தனை பைட் குறைகிறது என்று தெரியும். எட்டுத் துண்டில் ஏழு முழுதாக இருந்தன. எட்டாவதில் ஒரு பைட் குறைவு.

குறைவது 13 என்று தெரியும். அது ஏதோ ஒரு 10-க்கு முன்னால் இருந்தது என்றும் தெரியும். 8192 பைட்டில் 10 என்ற எண் சராசரியாக 32 இடத்தில் வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு 13-ஐச் சொருகிப் பார்த்து, சிஆர்சியைக் கணக்கிட்டு, துண்டின் முடிவிலிருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தப்பான ஓர் இடத்தில் சொருகியது தற்செயலாகப் பொருந்திவிடும் வாய்ப்பு 400 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பொருந்தினால் அதுதான் இடம். இரண்டு பைட் குறைந்த துண்டுகளில் இரண்டிரண்டாகச் சொருக வேண்டும், சுமார் 500 சேர்க்கைகள். கணினிக்கு இதெல்லாம் கண்சிமிட்டும் நேரம். ஸ்கிரிப்ட் எழுத ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

முதல் இரண்டு படங்கள் அன்று இரவே முழுதாகத் திறந்தன. மூன்றாவதில் ஒரே ஒரு துண்டு பிடிவாதமாக நின்றது. ஒரு பைட் குறைவு, 29 இடங்களில் 10, இருபத்தொன்பதிலும் சொருகிப் பார்த்தாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை. துண்டை எண்களாக அச்சிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து கடைசி வரிக்கு வந்தபோது கண்ணில் பட்டது. தரவில் குறையே இல்லை. 8192-உம் பத்திரமாக இருந்தன. முடிவிலிருந்த சிஆர்சியில்தான் நான்குக்குப் பதில் மூன்று பைட். அந்த மூன்றில் நடுவிலிருந்தது 10. அதற்கு முன்னால் 13-ஐ எழுதினேன். எண் பொருந்தியது. படம் திறந்தது: கிளைமேல் உட்கார்ந்து இறகு கோதும் ஒரு மைனா, அலகின் மஞ்சள் உட்பட. நள்ளிரவு தாண்டியிருந்தாலும் ஓவியருக்கு உடனே அனுப்பி வைத்தேன்.